தெருவா, சாலையா?

உங்கள் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாருங்களேன். பெயர், கதவு எண் எல்லாம் இருக்கட்டும். அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். தெருவா, வீதியா, சந்தா, சாலையா? கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது சந்தில் குடியிருப்பவர்கள் லேசாக நெளிவதும், பக்கத்து மெயின்ரோட்டின் பெயரைப் போட்டு 'அருகில்' என்று சமாளிப்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

தமிழில் மனிதன் நடக்கிற இடத்துக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று ஒரு நாள் சும்மா எண்ண ஆரம்பித்தேன். தெரு, வீதி, சாலை, சந்து, முடுக்கு, பாதை, தடம், பெருவழி, வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை... பழைய இலக்கியத்துக்குப் போனால் மறுகு என்று ஒன்று வருகிறது. ஆவணம் என்று ஒன்று. ஆமாம், அந்தக் காலத்தில் கடைத்தெருவுக்கு ஆவணம் என்று பெயர். இன்றைக்கு அது பத்திரமாகி, ரிஜிஸ்டர் ஆபீஸில் போய் உட்கார்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துக்காரர்களைக் கேட்டால் சந்து என்று சொல்ல மாட்டார்கள், ஒழுங்கை என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதே இரண்டு பக்கமும் வேலி நேராக ஓடுகிற மாதிரி இருக்கும்.

இதெல்லாம் ஒரே சமாச்சாரத்துக்குப் பல பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். இதை உண்டாக்கியது யார் என்று கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஒற்றையடிப் பாதையைக் கால்கள் உண்டாக்கின. தெருவை வீடுகள் உண்டாக்கின. இரண்டு பக்கமும் இருக்கிற வீடுகளை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது தெரு இல்லை, வெறும் மண். வீதியை உண்டாக்கியது பல ஊர்களில் சாமி. மதுரையில் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றிப் போகும் வீதிகளுக்குத் தமிழ் மாதங்கள்தான் பெயர். தேர் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காகவே அகலமாகப் பிறந்த வீதிகள். சாலையை அரசாங்கம் போட்டது. சந்தை யாருமே உண்டாக்கவில்லை. வீடு கட்டியவர்கள் வேறு வழியில்லாமல் மிச்சம் விட்டது அது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கொங்கு நாட்டு இட்டேரி. இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் வேலியாக நிற்க, ஒரு வண்டி போகிற அகலத்தில் ஒரு தடம். வேலியில் கோவைக்கொடி, பிரண்டை, ஓணான். இந்தத் தோட்டத்துக்காரருக்கும் அந்தத் தோட்டத்துக்காரருக்கும் கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் மூன்று தலைமுறைச் சண்டை இருக்கலாம். கோர்ட்டில் கேஸ் நடக்கலாம். ஆனால், இவர் நாலு அடி விட்டிருப்பார், அவர் நாலு அடி விட்டிருப்பார். பிடிக்காத இரண்டு பேர் சேர்ந்து, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆசாமிக்காக விட்டுவைத்த இடம் அது. 'கொடை' என்று யாரும் அதைக் கல்வெட்டில் பொறித்ததில்லை.

சட்டத்துக்கும் இது தெரியும். 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று இன்னமும் நம் நாட்டில் உயிரோடு இருக்கிறது. அடுத்தவர் நிலத்தின் வழியாக உங்கள் நிலத்துக்கு, உரிமையோடு, வெளிப்படையாக, தடையில்லாமல் 20 வருஷம் நடந்து வந்திருந்தால் அந்த நடையே உரிமையாகிவிடும். கிரயப் பத்திரங்களில் 'மாமூல் வழிநடை பாத்தியம்' என்று வக்கீல் குமாஸ்தா ஒரே மூச்சில் எழுதிப் போடுகிறாரே, அதற்குப் பின்னால் இருப்பது வெறும் கால்தடங்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை சொற்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெரு, சாலை.

தெருவுக்குக் கண் உண்டு. நம் பேச்சிலேயே அது இருக்கிறது. ஒருவர் மானம் போய்விட்டால் 'சந்தி சிரிச்சுப் போச்சு' என்கிறோம். சந்தி எப்படிச் சிரிக்கும்? அங்கே நிற்கிற, உங்களை நன்றாகத் தெரிந்த பத்துப் பேர் சிரிக்கிறார்கள். ஒரு குடும்பம் நொடித்தால் 'நடுத்தெருவுக்கு வந்துட்டாங்க' என்கிறோம். அதே, ஒருவர் நம்மை நம்பவைத்துக் கைவிட்டால் 'நடுரோட்டுல விட்டுட்டான்' என்று வரும். கவனித்தீர்களா? நடுத்தெருவில் நிற்பவனை எல்லோரும் பார்க்கிறார்கள். அதுதான் அவனுக்கு அவமானம். நடுரோட்டில் நிற்பவனை யாருமே பார்ப்பதில்லை. அதுதான் அவனுக்குப் பயம்.

தெருவில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தால் ஐந்து கதவு திறக்கும். ஒரு அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவருவார். ஒருவர் ஆட்டோவுக்கு ஓடுவார். 'அட, நம்ம வாத்தியாரு மாமனாருப்பா!' என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், அதன்பிறகு அவர் பிழைத்துக்கொள்வார். தெருவின் கருணை இப்படித்தான் வேலை செய்யும்: முதலில் 'யாரு?' என்ற கேள்வி, பிறகு உதவி.

இந்தத் தெருவுக்காக இன்றைக்கு நாம் நிறைய ஏங்குகிறோம். திண்ணை போச்சு, பல்லாங்குழி போச்சு, பக்கத்து வீட்டுக் குழம்பு போச்சு என்று புலம்பாத பத்திரிகை இல்லை. நானும் புலம்பியிருக்கிறேன். ஆனால், 'யாரு?' என்ற அந்தக் கேள்வி இருக்கிறதே, அதற்கு இன்னொரு முகம் உண்டு. 'யாரு நீ? எந்த ஊரு? யாரு வீட்டுப் புள்ள?' இதே மூன்று கேள்விகளுக்குத் தப்பான பதில் வைத்திருந்தவன், அந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தான். பல தெருக்களில் நடக்கவே இல்லை.

1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தலைப்பாகை கட்டி, பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான் அவர் செய்தது. வண்டியில் உட்கார்ந்து ரோட்டில் போவது. அதற்கு அடிதடி நடந்தது. 1924-ம் வருஷம் மார்ச் 30-ம் தேதி வைக்கத்தில் சத்தியாகிரகம் ஆரம்பித்தபோது அவர்கள் கோயிலுக்குள் விடச் சொல்லிக் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றியிருந்த வீதிகளில் நடக்க விடச் சொன்னார்கள். நாயும் பூனையும் போகிற வீதி. தமிழ்நாட்டிலிருந்து பெரியார் போனார், இரண்டு முறை சிறை. நாகம்மையாரும் கண்ணம்மாளும் போனார்கள். கிட்டத்தட்ட 20 மாதம் நடந்த போராட்டத்தின் முடிவில் மூன்று பக்க வீதிகள் திறந்தன. கிழக்கு வீதிக்கு 1936-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பக்க ரோட்டுக்கு இன்னும் 11 வருஷம்!

அதனால்தான் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் 15-வது பிரிவில் கிணறு, குளம் ஆகியவற்றோடு சாலையையும் ஞாபகமாகச் சேர்த்தார்கள். ஒரு தேசத்தின் மூல சட்டத்தில் 'ரோட்டில் நடக்க யாரையும் தடுக்கக் கூடாது' என்று சொல்லவேண்டியிருந்தது என்றால், அதுவரை தெருக்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சட்டம் வந்தும் உத்தப்புரம் மாதிரி ஓர் ஊரில் 1989 கலவரத்துக்குப் பிறகு சுவர் எழுந்தது. 2008-ம் வருஷம் மே மாதம் அதில் ஒரு பகுதியை இடித்துத்தான் பாதை விட்டார்கள்.

இப்போது சாலைக்கு வருவோம். சாலை உங்களிடம் 'யாரு?' என்று கேட்பதில்லை. அதன் பெருமையே அதுதான்.

சாலை என்ற சொல்லே முதலில் ரோடு இல்லை. பாடசாலை, அறச்சாலை, தொழிற்சாலை என்று சொல்கிறோமே, அந்தச் சாலை. கூடம். பிறகு மரங்கள் வரிசையாக நிற்கிற வழிக்குப் பெயராகி, கடைசியில் தார் ரோட்டுக்கே பெயராகிவிட்டது. மரம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. ராணி மங்கம்மாள் போட்டதாக மதுரைக்குத் தெற்கே இன்றும் சொல்கிற சாலையில் மக்கள் ஞாபகம் வைத்திருப்பது ரோட்டின் அகலத்தை இல்லை. ஓரத்தில் இருந்த மரத்தையும் சத்திரத்தையும்தான்.

தருமபுரிப் பக்கம் கிடைத்த ஒரு மைல்கல் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். 13-ம் நூற்றாண்டுக் கல். 'அதியமான் பெருவழி' என்று பெயர் பொறித்து, நாவல்தாவளம் என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்று எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அதே தூரத்தைக் கீழே குழிகளாகவும் குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று என்றால் பத்து, சின்னக் குழி ஒன்று என்றால் ஒன்று. எதற்கு? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் அந்த வழியே வருவான், இருட்டின பிறகுகூட வருவான், விரலால் தடவிப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதானே! அவன் யார், எந்த ஊர், என்ன ஆள் என்று கல்லை வெட்டினவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவன் ஆசைப்படவில்லை.

சுமைதாங்கியும் அப்படித்தான். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டு, தோள் உயரத்துக்கு நிற்கும். தலையில் மூட்டையோடு வருகிறவர், யாருடைய கையும் இல்லாமல் தானே இறக்கிவைத்து, தானே ஏற்றிக்கொள்ளலாம். நிறைமாதத்தில் இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுகிற வழக்கம் இருந்தது. அவளுடைய சுமை இறங்கவில்லை. யார் யாரோ சுமையாவது இறங்கட்டும் என்று. இதைவிடப் பெரிய இரங்கல் கூட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆக, 'சாலைக்குத் தர்மம் இல்லை, தெருவில்தான் மனுஷத்தன்மை' என்பது நம் கற்பனை. பழைய ஆட்களுக்கு இரண்டு தர்மமும் தெரிந்திருந்தது. தெரிந்தவருக்குச் செய்வது ஒன்று. வழியில் போகிறவருக்குச் செய்வது இன்னொன்று. இரண்டாவதில் நன்றி வராது, மொய் திரும்பாது. தமிழின் அறச்சொற்களையே பாருங்கள். நெறி என்றால் பாதை. நல்லொழுக்கத்துக்கும் அதே சொல். ஆறு என்றால் நதி மட்டுமில்லை, வழியும்தான். ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் பாட்டு. பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனுக்கு எங்கே போனால் சோறு கிடைக்கும் என்று ரோட்டில் நின்று சொல்கிறான். போட்டியாளனுக்கு! நம் ஆபீஸ்களில் யாராவது சொல்வோமா?

ஆனால், யாரென்று கேட்காத சாலை, யாரென்று தெரியாமலே ஒருவனைச் சாகவும் விடும். கோவலனை நினைத்துப் பாருங்கள். புகாரில் அவன் குடும்பத்தைத் தெரியாத ஆள் கிடையாது. அங்கே ஒருவன் கையில் சிலம்போடு நின்றால், 'அட, நம்ம மாசாத்துவான் மகன்' என்று பத்து வாய் சாட்சி சொல்லியிருக்கும். மதுரைக் கடைவீதியில் அவன் வெறும் வழிப்போக்கன். ஒரே ஒரு பொற்கொல்லனின் பேச்சு போதுமாக இருந்தது. அவனைத் தெரியும் என்று சொல்ல அந்த வீதியில் ஒரு ஆள் இல்லை.

இன்றைய நாலுவழிச் சாலையில் தினமும் ஒரு கோவலன் கிடக்கிறான். பைக் ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம். கார்கள் வேகம் குறைக்கின்றன, கண்ணாடி இறங்குகிறது, செல்போன் வெளியே வருகிறது, படம் எடுத்ததும் கண்ணாடி ஏறுகிறது. நிறுத்தாமல் போகிறவர்கள் எல்லாம் கல்நெஞ்சர்கள் இல்லை. 'போலீஸ், கோர்ட்டுனு அலையணும் சார்' என்கிற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

அதற்குத்தான் 2016-ல் உச்ச நீதிமன்றம் விபத்தில் உதவுகிறவர்களைக் காப்பாற்றும் நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. (தீர்ப்பு வந்த தேதி மார்ச் 30. வைக்கம் ஆரம்பித்த அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.) 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது. இதில் என்னைப் பிடித்து நிறுத்தின விஷயம் வேறு. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் தன் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தெருவில் உதவி கிடைக்கப் பெயர் வேண்டியிருந்தது. சாலையில் உதவி செய்ய, பெயர் இல்லாமல் இருக்கும் உரிமை வேண்டியிருக்கிறது!

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இந்த வகைதான். மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்குகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை. ரேஷன் கார்டு எங்கே என்று கேட்பதில்லை. அதியமான் கல்லின் குழிகள் மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

பெயர் என்றதும் இன்னொன்று. தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பட்டத்தை எடுக்கச் சொல்லி எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-ல் உத்தரவு வந்தது. நுங்கம்பாக்கத்தில் கிருஷ்ணமாச்சாரி சாலை பாதியில் வெட்டுப்பட்டு 'கிருஷ்ணமா சாலை' ஆனது. சிரித்தோம். கேலிச்சித்திரம் போட்டோம். ஆனால், வெட்டுப்படாத பலகையின் கீழே தினமும் நடக்க வேண்டியிருந்தவனுக்கு அதில் சிரிக்க என்ன இருந்தது? 2025-ல் மறுபடியும் அதே வேலை. அந்த வருஷம் ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். அக்டோபரில் தெரு, ஊர், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை. காலனி! நகரத்தில் பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்றால் கௌரவம். கிராமத்தில் 'காலனியாளு' என்றால் வேறு அர்த்தம். ஒரே சொல், பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வசவாகிவிடுகிறது. பலகையை மாற்றினால் மனசு மாறுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மாறாது. ஆனால், அந்த விலாசத்தை வேலைக்கு மனுப்போடும் காகிதத்தில் எழுத வேண்டிய பெண்ணைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், பலகை முக்கியமா இல்லையா என்று.

தெரு செத்துவிட்டது என்று நாம் அழுதுகொண்டிருக்கும்போதே, அது புறநகரில் வேறு வேஷத்தில் பிறந்துவிட்டது. பழைய தெருவின் தண்ணீர்ச் சொம்பு இதில் இல்லை. 'யாரு?' மட்டும் இருக்கிறது. வளைவு வைத்த நுழைவாயில், நீலச் சட்டை செக்யூரிட்டி, மேலும் கீழும் போகிற இரும்புக்குழாய், 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை. சுற்றுச்சுவருக்குள் கட்டிய அடுக்குமாடி என்றால் சரி, அது அவர்கள் இடம். ஆனால், பல இடங்களில் உள்ளே இருப்பது அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவு. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வேண்டுமானால் உள்ளே இருக்கும் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்து சங்கம் ஆரம்பித்து, அதே ரோட்டுக்குக் குறுக்கே குழாயைப் போடுகிறார்கள். தானம் கொடுத்த மாட்டைக் கயிறு போட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி.

'திருட்டுப் பயம் சார், குழந்தைங்க விளையாடுது' என்பார்கள். நியாயமான பயம். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கூட உள்ளே இருந்தால் குழாய்க்கு ஓட்டுப் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால், அந்த ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஊர் இருக்கும். அந்த ஊருக்காரர்களுக்கு பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம் இருக்கும். மனைப்பிரிவு வருவதற்கு முன்னால் அங்கே ஒரு வண்டித்தடம் இருந்திருக்கும்.

அப்படி ஒரு குழாய்க்கு முன்னால் ஒரு மாலையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் புல்லுக்கட்டு. செக்யூரிட்டி தம்பி மரியாதையாகவே கேட்டார், "எந்த வீட்டுக்குங்கய்யா?"

"வீட்டுக்கு இல்லப்பா. அந்தப் பக்கம் போகணும்."

தம்பி நோட்டைப் பிரித்தார். பெயர், செல் நம்பர், யாரைப் பார்க்க வேண்டும், வீட்டு எண், வந்த நேரம், போன நேரம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, 'அந்தப் பக்கம்' என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடிக்கொண்டிருந்தார்.